ஒரு பக்கம் திருப்பும் நேரம்

அக்காவை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். முதல் வயலின் வாசிக்கும் நெட்டை அவளைவிட ஒரு வயது மூத்தவன், அவனுக்கும் அவள் அக்காதான். தம்பி வாய்க்கு வாய் கூப்பிட்டுக் கூப்பிட்டு, அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. அப்படி ஒட்டவைத்த தம்பி போய் இரண்டு மாதம் ஆகிறது. காய்ச்சல் என்று படுத்தான். சாதாரணக் காய்ச்சல்தானே என்று மாத்திரை கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது நேரம் கடந்துவிட்டது என்றார் டாக்டர். பதினெட்டு வயது. அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

அக்கா அழவில்லை. பிடிவாதமெல்லாம் இல்லை, வரவில்லை. பக்கத்து வீட்டு அத்தைக்கு இது பெரிய குறையாக இருந்தது.

"அழுதுடும்மா. உள்ளயே வச்சுக்கிட்டா உடம்புக்கு ஆகாது."

"வந்தா அழ மாட்டேனா அத்தை? வரலையே, என்ன செய்யறது?"

வெங்காயம் நறுக்கும்போதுகூடக் கண் கலங்கவில்லை. அதையும் அத்தை நின்று கவனித்துவிட்டுத்தான் போனாள், மகராசி!

பகலெல்லாம் அக்காவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. புதுக் கண்ணாடியை வாடிக்கையாளர் காதில் மாட்டி, எதிரே எழுத்துப் பலகையைக் காட்டி, "தெளிவா தெரியுதா?" என்று கேட்பாள். தெரிகிறது என்றால் பெட்டியில் போட்டுக் கொடுப்பாள். கொஞ்ச நாள் லீவு எடுத்துக்கொள் என்று முதலாளி சொல்லிப் பார்த்தார். வீட்டில் உட்கார்ந்து என்னத்தைக் கிழிப்பது? பள்ளிக்கூட அலுவலகத்தில் டைப் அடிக்கும் அம்மாவும் அழுது ஓய்ந்து வேலைக்குத் திரும்பிவிட்டார். ஒரே லாட்ஜில் தங்கியவர்கள் மாதிரி தாயும் மகளும் ஒருவருக்கொருவர் மரியாதையாக நடந்துகொண்டார்கள். குளியலறைக்கு முதலில் நீ போ, இல்லை நீங்கள் போங்கள். பேச்சு அதற்கு மேல் போகாது.

சாயங்காலமானால் ஒத்திகை. அந்த ஆண்டின் இளையோர் இசை மாலைகள் நெருங்கிக்கொண்டிருந்தன. மூன்று மாலைகள், இருபது வயதைத் தாண்டாத பிள்ளைகள், குழுவுக்கு மூன்று பேரோ நாலு பேரோ. கோலை ஆட்டிக்கொண்டு முன்னால் நிற்க ஆள் கிடையாது. ஒருவர் மூச்சை மற்றவர் பார்த்துத்தான் தொடங்கவேண்டும், ஒருவர் வில்லை மற்றவர் பார்த்துத்தான் நிறுத்தவேண்டும். அக்காவின் குழுவில் நாலு பேர். நெட்டையும் குசும்பனும் வயலின், அக்கா முழங்காலுக்கு நடுவில் நிறுத்தி வாசிக்கும் பெரிய செல்லோ, தம்பி வயோலா. வயோலா பார்க்க வயலின் மாதிரிதான் இருக்கும், உடம்பும் கொஞ்சம் பெரிசு, குரலும் கொஞ்சம் கட்டை. தம்பியின் இடம் அக்காவுக்கு இடப்பக்கம், ஓரத்து நாற்காலி.

விலகிக்கொள்வதானால் சொல்லுங்கள் என்று சொல்லிக்கொடுக்கிற மாஸ்டர் கேட்டபோது, மற்ற இருவரும் அக்காவைப் பார்த்தார்கள். "வாசிக்கலாம் மாஸ்டர்" என்றாள். வேண்டாம் என்று சொல்வதற்கும் ஒரு வேகம் வேண்டுமே, அது அவளிடம் இல்லை.

அப்படித்தான் வாண்டு வந்து சேர்ந்தாள். பதினாறு வயது, ஆள் அரையடி, வாய் ஆறடி. வயோலாப் பெட்டியைக் கீழே வைப்பதற்குள் தன் வீட்டுச் சரித்திரம் முழுவதையும் சொல்லி முடித்துவிட்டாள்.

"நான் ரொம்பப் பேசறேனாக்கா? எங்க வீட்ல நான்தான் அமைதி."

"உங்க வீட்டுப் பக்கம் குருவிகூட வராது போல" என்றான் குசும்பன். இரண்டு மாதத்துக்குப் பிறகு அந்த அறையில் யாரோ சிரித்தார்கள்.

பொண்ணு நன்றாகவும் வாசித்தாள். முதல் பகுதி, இரண்டாம் பகுதி, ஒரு பிசிறில்லை. மூன்றாவது பகுதியில்தான் வந்தது வினை. அது மெதுவாகப் போகிற பகுதி. நடுவில் ஓரிடத்தில் நாலு பேரும் ஆளுக்கொரு சுரமாகச் சேர்த்து ஒரு சுரக்கட்டை நாலு எண்ணிக்கைக்கு நீட்டுவார்கள், பிறகு மூவரும் வில்லை எடுத்துவிட, வயோலா மட்டும் தனியாகப் பாட்டைத் தொடங்கும். வாண்டு நாலு எண்ணினாள், தொடங்கினாள். மற்ற மூவரும் இன்னும் நீட்டிக்கொண்டே இருந்தார்கள். பாட்டும் சுரமும் இடித்துக்கொண்டு ஒரே அபஸ்வரம்.

"ஐயோ, நான் முந்திட்டேனா?"

"இல்லம்மா, நீ சரிதான்" என்றார் மாஸ்டர். இன்னொரு தடவை வாசித்தார்கள், மறுபடியும் இடித்தது. மாஸ்டர் மற்ற மூவரையும் பார்த்து, "நோட்ஸ்ல நாலுதான் இருக்கு. யாருக்காக நிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் அவருக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

தம்பிக்காகத்தான் நின்றார்கள், வேறு யாருக்காக? அவனுடைய நோட்ஸ் தாளில் சரியாக அந்த இடத்தில் பக்கம் முடியும். புத்தியுள்ளவன் அடுத்த பக்கத்தை நகலெடுத்துப் பக்கத்தில் ஒட்டிக்கொள்வான். அவன், "நாளைக்கு ஒட்டிக்கறேன்க்கா" என்று ஒரு வருஷத்தை ஓட்டினான். ஒவ்வொரு தடவையும் வயோலாவிலிருந்து கையை எடுத்து, பக்கத்தைத் திருப்பி, திரும்பக் கையை வைத்து அவன் வந்து சேரும்வரை மற்ற மூவரும் நீட்டிக்கொண்டே காத்திருப்பார்கள். அக்கா ஒவ்வொரு தடவையும் திட்டுவாள். சோம்பேறி, தடியா, ஒரு தாளை ஒட்ட உனக்கு நாள் பார்க்கணுமா! அவன் பல்லைக் காட்டுவான். திட்டியபடியே காத்திருந்து காத்திருந்து, அப்படிக் காத்திருக்கிறோம் என்பதே மூவருக்கும் மறந்துபோயிருந்தது.

"அவன் இருந்தப்ப நானும் சொல்லிச் சொல்லிப் பாத்துட்டு விட்டுட்டேன்" என்றார் மாஸ்டர் மெதுவாக. "ஆனா மேடையில அது ஆகாது. தேர்வுக்காரங்க நோட்ஸை மடியில விரிச்சு வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. அடுத்த வருஷம் பெரிய குழுவுக்கு யாரை எடுக்கலாம்னு பாக்கறதுக்குத்தான் வர்றாங்க. நீங்க நீட்டினா, வயோலா லேட்டுன்னுதான் எழுதுவாங்க. இந்தப் பொண்ணு தலையில விடியும்."

பிறகு மாஸ்டர் கையைத் தட்டி எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, எடு. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, எடு. ஒரு வாரம் இதே கூத்து. கடைசியில் ஒருநாள் மூன்று வில்லும் ஒன்றாக எழும்பின, வாண்டு தொடங்கினாள், எதுவும் இடிக்கவில்லை. "ம், இப்ப சரி" என்றார் மாஸ்டர்.

இத்தனை நாளில் அக்காவுக்கு உணர்ச்சி என்று ஏதாவது இருந்ததென்றால் அது அந்த நீட்டலில் மட்டும்தான். வீட்டில் அவன் இல்லை. அவன் கட்டிலில் இல்லை, போட்டோவில் இல்லை, பார்த்தாலும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த நாலுக்குப் பிறகு ஒரு கணம், இதோ வந்துவிடுவான் என்று மார்பு நிமிரும். அதையும் இப்போது சரிசெய்துவிட்டார்கள்.

அன்று படி இறங்கும்போது வாண்டுவை ஓரமாக நிறுத்தினாள்.

"கச்சேரி அன்னைக்கு மட்டும் அந்த எடத்துல கொஞ்சம் லேட்டா வர்றியா? அவன் வர்ற மாதிரி. மாஸ்டர் மேடைக்கு வந்து கையா தட்டப்போறார்? அவனுங்க ரெண்டு பேர்ட்டயும் நான் சொல்லிக்கறேன்."

தேர்வுக்காரர்கள் யார் பெயரில் பெருக்கல் குறி போடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்டாள். இரண்டு மாதமாக எதுவும் வேண்டாம் என்று இருந்தவளுக்கு இது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

வாண்டு ஒரு நிமிஷம் யோசித்திருந்தால்கூடத் தேவலை. "அதுக்கென்னக்கா, வந்துட்டாப் போச்சு" என்றாள். நெட்டையும் குசும்பனும் தலையை மட்டும் ஆட்டினார்கள்.

கச்சேரி மாலை. மேடைக்குப் பின்னால் ஓர் அறை, மேலே டியூப்லைட் விட்டுவிட்டு எரிந்தது, சுவரோரம் பெட்டிகள் வரிசையாகச் சாய்ந்து நின்றன. இவர்களுக்கு முந்தைய குழு வாசித்து முடிக்கிற தறுவாயில் வாண்டு அக்காவின் கையைப் பிடித்து இழுத்தாள். முகமெல்லாம் பூரிப்பு.

"அக்கா, ஒண்ணு காட்டறேன். வீட்ல சும்மா லேட்டா வந்து பாத்தேன், நடிக்கிற மாதிரியே இருந்துச்சு. அதனால என்ன பண்ணினேன் தெரியுமா? பக்கத்துல நான் ஒட்டி வச்சிருந்த தாளைப் பிரிச்சு எடுத்துட்டேன். இப்ப நிஜமாவே நானும் திருப்பித்தான் ஆகணும்! இப்படித்தானே பண்ணுவாரு?" இடது கையைத் தூக்கி, காற்றில் ஒரு பக்கத்தைத் திருப்பி, மறுபடி கழுத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். அவனை அவள் பார்த்ததே கிடையாது. யாரோ சொல்லக் கேட்டு, கண்ணாடி முன் நின்று பழகியிருக்கிறாள்.

அது அவனில்லை. கொஞ்சம்கூட அவனில்லை. பெற்றவர்கள் ஆசை ஆசையாக அனுப்பிவைத்த ஒரு பிள்ளை, செத்துப்போன ஒருவன் மாதிரி கையை ஆட்டிக் காட்டுகிறது. சீ, என்ன காரியம் செய்துவிட்டோம் என்று அக்காவுக்குக் கூசியது.

"ஒட்ட டேப் இருக்கா?" என்றாள்.

"எதுக்குக்கா?"

பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது, அடுத்தது நீங்கள் என்றார்கள்.

மேடை குறுகலானது. நாலு நாற்காலியும் நெருக்கிப் போட்டிருந்தார்கள். முன்வரிசையில் வாண்டுவின் அப்பா மடிப்புக் கலையாத சட்டையில், பக்கத்தில் அம்மா, மடியில் ஒரு குழந்தை, தரையில் ஒன்று. வாண்டு சொன்னது பொய்யில்லை, அதுகள் சும்மாவே இருக்கவில்லை. அதற்கு ஒரு வரிசை பின்னால் தேர்வுக்காரர்கள், மடியில் நோட்ஸ், கையில் பென்சில். நடுவில் எங்கோ அக்காவின் அம்மா கைப்பையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முதல் பகுதி போனது, இரண்டாம் பகுதியும் போனது. கடையில் கண்ணாடி மாட்டுகிற அதே கைகளால், அதே மனசோடு அக்கா வாசித்தாள். மூன்றாவது தொடங்கியது. தூரத்தில் வரும் பஸ்ஸைப் பார்ப்பதுபோல அந்த இடம் நெருங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாண்டுவின் பக்கம் கடைசி வரிக்கு வந்துவிட்டது. பார் அக்கா, சொன்னபடி செய்யப்போகிறேன் என்று அந்தப் பெண் இவளைப் பார்த்துக் கண்ணால் சிரித்தாள். நெட்டையும் குசும்பனும் நீட்டத் தயாராக வில்லை மெல்ல இழுத்தார்கள்.

சுரக்கட்டு விழுந்தது. ஒன்று.

அந்தச் சுரம் செல்லோவில் வெறும் தந்தி. விரலே வைக்க வேண்டாம், வலது கை வில்லை இழுத்துக்கொண்டிருந்தால் போதும். இரண்டு.

அக்கா இடது கையைத் தந்தியிலிருந்து எடுத்தாள். கையை நீட்டினாள், எட்டியது. வாண்டுவின் தாளை மூலையில் பிடித்துத் திருப்பி, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டி நிறுத்தினாள். மூன்று. வாண்டு திகைத்துப் பார்த்தாள். அக்கா தலையை அசைத்தாள், வா. நெட்டையும் குசும்பனும் அதைப் பார்த்துவிட்டார்கள்.

நாலு. மூன்று வில்லும் எழும்பின. வாண்டு தொடங்கினாள்.

சரியான நேரத்தில், தனியாக, சுத்தமாக வந்தது பாட்டு. மடியில் விரித்த நோட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் நிமிர்ந்து வாண்டுவைப் பார்த்தார். அக்கா பார்த்தது தன் இடது கையை. எவ்வளவு சுலபமாக எட்டிவிட்டது! ஒரு வருஷமாக அந்த இடத்தில் இந்தக் கை சும்மாதான் இருந்திருக்கிறது. ஒரு வருஷமாக அவன் அவசர அவசரமாகக் கையை எடுத்துத் திருப்பியிருக்கிறான், இவள் பக்கத்திலேயே உட்கார்ந்து சோம்பேறி, தடியா என்று திட்டியிருக்கிறாள். ஒரு நாள், ஒரே ஒரு நாள், கையை நீட்டித் திருப்பிவிட்டிருக்கலாம். தோன்றவேயில்லை. அவனும் கேட்கவில்லை.

அவளுடைய முறை வந்தது. சேர்ந்துகொண்டாள். நாலைந்து சுரம் போவதற்குள் கண்ணில் என்னவோ உறுத்தியது. என்னவென்று புரிவதற்குள் கொட்டத் தொடங்கிவிட்டது. இரண்டு மாதத்துக்கும் சேர்த்து, சொல்லாமல் கொள்ளாமல், இத்தனை பேர் பார்க்க! தாடையில் வழிந்து செல்லோவின் தோளில் சொட்டியது. மூக்கும் ஒழுகியது. வலது கையில் வில், இடது கைவிரல்கள் தந்தியில், துடைக்கக் கை ஏது? அடுத்ததோ கடைசிப் பகுதி, குதிரை ஓட்டம், ஒரு சுரம் விடுவதற்கில்லை. எண்ணிக்கை ஒன்றுகூடத் தவறாமல் அழுதுகொண்டே வாசித்தாள்.

வாண்டு ஓரக்கண்ணால் பார்த்தாள். ஓடுகிற ஓட்டத்தில் அவளுக்கும் கை ஒழியவில்லை.