எட்டு வண்டி நஷ்டம்

பழைய கார் விற்கிறவன் நான். வண்டியைக் காட்டுவதற்கு முன்பே அதன் குறைகளைச் சொல்லிவிடுவது என் வழக்கம். கதவு ஒட்டாது, ஏசி முனகும், மூன்றாவது கியர் அடம்பிடிக்கும் என்று நானே ஒப்பித்துவிடுவேன். பக்கத்துக் கடைக்காரர்கள் என்னைப் பிழைக்கத் தெரியாதவன் என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

இந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது. எங்கள் வீட்டில் ஒன்று யாருக்கு வேண்டுமோ, அவர்தான் அதன் குறைகளை அடுக்க வேண்டும். வேண்டாம் என்கிறவர் அதற்காக வாதாட வேண்டும். மூன்றாமவர் தீர்ப்புச் சொல்வார். சோபா அப்படித்தான் வந்தது. நான் ஆசைப்பட்ட பெரிய டிவி அப்படித்தான் வராமல் போனது. என் வாய்தான் எனக்கு எதிரி.

போன ஞாயிற்றுக்கிழமை மேஜைக்கு வந்தது மகளின் படிப்பு. அவளுக்கு வெளியூர்க் கல்லூரியில் கணிதப் பட்டம் வேண்டும். என் மனைவி மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். மகளும் உள்ளூரிலேயே லேப் டெக்னீஷியன் படித்துத் தன்னோடு வந்து சேர வேண்டும் என்பது அவள் கட்சி. மறுநாளோடு விண்ணப்பிக்கும் தேதி முடிந்துவிடும்.

லட்சம் என்றால் என் தலையில் ஏறாது. அதனால் மகள் எல்லாவற்றையும் வண்டிக் கணக்காக மாற்றி வைத்திருந்தாள். ஓடுகிற நிலையில் உள்ள ஒரு சின்னப் பழைய காரின் விலைதான் அளவு.

“மேத்ஸுக்கு ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் சேர்த்து மூணு வண்டிப்பா,” என்று ஆரம்பித்தாள். “அதோட நிக்காது. மேல ரெண்டு வருஷம் படிச்சாதான் மதிப்பு. அதுக்கு இன்னும் ரெண்டு வண்டி. அதுக்குள்ள லேப் படிச்சவ சம்பாதிக்கவே ஆரம்பிச்சிருப்பா. பத்து வருஷம் கழிச்சுப் பார்த்தாலும் மேத்ஸ் எட்டு வண்டி பின்னாடிதான் நிக்கும்.”

விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். என் ஷெட்டில் நிற்பதே ஏழு வண்டிதான்.

மனைவி கடமைக்கு வாயைத் திறந்தாள். “ஏன், பேங்க், இன்ஷூரன்ஸ்னு போனா நல்ல சம்பளமாமே? சராசரியே எங்கயோ இருக்குன்னு சொல்றாங்க?”

“சராசரியை நம்பாதேம்மா. ஒருத்தர் கோடி கோடியா வாங்கினா மொத்தக் கூட்டத்துக்கும் சராசரி ஏறிடும். எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சு நடுவுல இருக்கறவளைப் பாரு. அவ சம்பளம் உன் சம்பளம் மாதிரிதான்.”

“என் சம்பளத்துக்கு என்னடி குறைச்சல்?”

என் மனைவிக்கு வாதத்தில் தோற்கிற பழக்கமே கிடையாது, பிடிக்காத கட்சிக்குப் பேசினாலும் சரி. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நெருங்கி உட்கார்ந்தாள்.

“லேப் வேலை பத்து வருஷம் அப்படியே இருக்கும்னு யார் சொன்னா? நான் சேர்ந்தப்போ எங்க லேப்ல எட்டு பேர். புது மெஷின் வந்தப்புறம் மூணே பேர். அதைக் கழிச்சியா?”

மகள் திருதிருவென்று விழித்தாள். “இல்லையே... அப்போ அந்தப் பக்கமும் வேலை கிடைக்காம போற வாய்ப்பைச் சேர்க்கணும்.” பரபரவென்று எழுதினாள். முகமெல்லாம் சிரிப்பு. தன் ஆசைக்கு எதிராகத் தானே கணக்குப் போடுகிறவளுக்கு இத்தனை சந்தோஷம் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. “சூப்பர்மா! எட்டு அஞ்சாயிடுச்சு!”

அதற்குப் பிறகு இருவரும் என்னை அடியோடு மறந்துவிட்டார்கள். டியூஷன் வருமானம் என்று மனைவி சொல்வாள், அதற்குப் பட்டமே தேவையில்லை என்று மகள் மடக்குவாள். டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தேன். யாரும் தொடவில்லை. மூன்று டம்ளரையும் நானே குடித்தேன்.

கடைசியில் மகள் பேனாவைக் கீழே வைத்தாள்.

“அஞ்சுக்குக் கீழ இறங்கலப்பா. எப்படிப் போட்டாலும் நஷ்டம்தான். நான் லேப் கோர்ஸே சேர்ந்துக்கறேன்.”

குரல் தெளிவாகத்தான் இருந்தது. கண்தான் நிறைந்துவிட்டது. பணம் மிச்சம் என்று எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். அழுகைதான் வந்தது.

மனைவி கேட்டது அப்படியே கிடைத்துவிட்டது. ஆனால் அவள் மேஜையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

“என்னது? அப்போ நான் இவ்வளவு நேரம் தொண்டைத் தண்ணி வத்தக் கத்தினது எதுக்கு?”

“அம்மா, நீதானே லேப் படின்னு...”

“நான்தான் சொன்னேன். இப்போ நானேதான் மாத்திச் சொல்றேன். இத்தனை வருஷமா அந்த ரத்த ட்யூபைப் பார்க்கறேன். நல்ல வேலை, குறை சொல்ல மாட்டேன். ஆனா நீ இப்போ சிரிச்சியே, அந்த மாதிரி ஒருநாள்கூட நான் அதைப் பார்த்துச் சிரிச்சதில்லடி. தோத்துக்கிட்டே சிரிக்கறாளே இவ! அஞ்சு வண்டிதானே? உங்கப்பா நஷ்டத்துக்கு வித்தது அதுக்கு மேலயே இருக்கும். போய் மேத்ஸ்ல சேரு.”

தீர்ப்புச் சொல்ல வேண்டியவன் நான். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்காமலே பலமாகத் தலையாட்டினேன்.

மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து, தோளிலிருந்து முகத்தை எடுக்காமலே முணுமுணுத்தாள். “அம்மா... அஞ்சரை. லீவுக்கு வீட்டுக்கு வந்துபோற செலவை விட்டுட்டேன்.”

“அஞ்சரையே இருக்கட்டும்,” என்றாள் என் மனைவி. “அந்த அரையில மட்டும் மிச்சம் பிடிச்சே, தெரியும் சேதி!”