பால் சொசைட்டியின் முதல் கேன்

பால் சொசைட்டிக் கட்டடத்துக்கு வெள்ளையடிக்கிறார்கள். முன்சுவரில் அதன் வரலாற்றை எழுதி வைக்கவேண்டும் என்று சங்கத் தலைவரான பெரியப்பாவுக்கு ஆசை. மாலையில் எழுத்துப் பயிற்சி வகுப்புக்குப் போகிறவள் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது.

"சுருக்கமா எழுதும்மா, சுவர்ல இடம் கம்மி. ஆனா முதல் பால் ஊத்தினது நான். அது முதல் வரியில வந்துடணும்" என்றார்.

பார்க்காததை எழுத எனக்குக் கை வராது. அதனால் கட்டடத்திலிருந்தே ஆரம்பித்தேன். கழுவிய தண்ணீர் ஓட, வாசல் பக்கம் சரியும் தரை. பால் வாங்கும் ஜன்னலின் அடிக்கல்லில், கேன்கள் உரசி உரசி நடுவில் பள்ளம். உள்ளே பரிசோதனை மேசை. அதற்கும் உள்ளே குளிர் அறை, பிற்பாடு கட்டியது. எல்லாம் எழுதிப் படித்துப் பார்த்தால் வீடு விற்கிற விளம்பரம் மாதிரி இருந்தது. ஆட்களைக் கேட்கக் கிளம்பினேன்.

சொசைட்டியின் முதல் வேன் டிரைவர் இப்போது சைக்கிள் கடை வைத்திருக்கிறார். திறப்பு விழா என்றதுமே சிரித்துவிட்டார்.

"உங்க பெரியப்பா முதல்ல ஊத்தினது நிஜம்தான். ஆனா அந்தப் பால் வேன்ல ஏறலையே! காலையில வந்த பாலெல்லாம் வெயில்ல நின்னுச்சு. மேடையில பேசினாங்க, பேசினாங்க, பேசிக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் பரிசோதகர் கொஞ்சம் எடுத்துக் காய்ச்சிப் பார்த்தா, மொத்தமும் திரிஞ்சு போச்சு. எல்லாத்தையும் கீழே கொட்டிட்டோம்."

"வேன் காலியாவா போச்சு?"

"ஒரே ஒரு கேனோட. விழா முடியுற நேரத்துல ஒரு பொண்ணு தூக்கிட்டு ஓடி வந்துச்சு. அப்போதான் கறந்த பால். வழியெல்லாம் அந்த ஒத்தைக் கேன் உருண்டுச்சு. என் சட்டையைக் கழட்டி முட்டுக் கொடுத்தேன்."

"யாரு அது?"

"நல்லா கேட்டே போ! உங்க வீட்டு லேட்டக்காதான்."

ஊரே அம்மாவை அப்படித்தான் கூப்பிடுகிறது. அம்மா எங்கேயும் தாமதமாகப் போய் நான் பார்த்ததில்லை.

வீட்டில் அம்மா கேன் தேய்த்துக்கொண்டிருந்தாள். கேட்டதும் கை நின்றது.

"அன்னிக்குக் காலையில கன்னு செத்துடுச்சு. மாடு சுரக்கலை. கழுத்தைத் தடவிக்கிட்டுப் பக்கத்துலயே இருந்தேன். உச்சி வெயில்லதான் பால் விட்டுச்சு. தூக்கிட்டு ஓடினா, உங்க பெரியப்பா மைக்குலயே, 'வாங்க லேட்டக்கா, அடுத்த வருஷ விழாவுக்கு இப்பவே வந்துட்டீங்களா'ன்னாரு. கூட்டம் கொல்லுன்னு சிரிச்சுது. அந்தப் பேரு ஒட்டிக்கிச்சு."

"உன் பால்தான் வேன்ல போச்சுன்னு சொல்லியிருக்கலாமே?"

"சிரிக்கிறவங்க நடுவுல என்னத்தைச் சொல்ல?" கேனைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டாள். "சுவர்ல என் பேரு வருமா? லேட்டக்கான்னு இல்ல. என் பேரு."

அம்மா என்னிடம் எதையும் இப்படிக் கேட்டதில்லை. அதனாலேயே பயம் வந்தது. நான் வரலாறு எழுதுகிறேனா, அம்மாவுக்காக வக்காலத்து வாங்குகிறேனா? வகுப்பு டீச்சரிடம் போய் நின்றேன். "அது வேற யாரோ ஒரு அம்மாவா இருந்தா எழுதுவியா?" என்று மட்டும் கேட்டார். எழுதுவேன் என்றுதான் தோன்றியது.

முதல் வரியில், முதலில் பால் ஊற்றியவராகப் பெரியப்பாவின் பெயரைப் போட்டேன். இரண்டாவது வரியில், முதலில் வேன் ஏறிய பாலைக் கறந்தவராக அம்மாவின் பெயர்.

பெரியப்பா சங்க அறையில் உட்கார்ந்து படித்தார். மறுபடியும் படித்தார்.

"முதல்ல ஊத்தின பால் ஏன் வேன்ல ஏறலைன்னு ஜனங்க கேப்பாங்களேம்மா?"

"கேப்பாங்க பெரியப்பா."

"உங்கம்மா எழுதச் சொன்னாளா?"

"அவங்க பேரு வருமான்னு மட்டும்தான் கேட்டாங்க."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அன்னிக்குக் கடைசியாப் பேசினது நான்தான். நன்றியுரை. மைக்கை விட மனசு வரலை. பரிசோதகர் பின்னால நின்னு சட்டையைப் பிடிச்சு இழுத்தார். எதுக்கு இழுக்கிறார்னுகூட எனக்குப் புரியலை."

என் பேனாவை வாங்கித் தன் வரியை அடித்தார்.

"தலைவர்னு கீழே சின்னதா போட்டாப் போதும்" என்றார். நான் வாசலைத் தாண்டும்போது, "ரொம்பச் சின்னதா வேண்டாம்!" என்று குரல் வந்தது.

மறுநாள் சாயங்காலம் அம்மா பால் ஊற்ற வரிசையில் நின்றாள். தலைக்கு மேலே பெயிண்டர் முதல் வரியை முடித்துக்கொண்டிருந்தார்.

"லேட்டக்கா, ஏணியில இடிச்சுடாதீங்க!"

அம்மா நகர்ந்து கேனை ஜன்னல் கல்லில் வைத்தாள். பின்னால் நின்ற பெண் சுவரை அண்ணாந்து பார்த்து, அங்கிருந்த அம்மாவின் பெயரை எழுத்துக்கூட்டி வாய்விட்டுப் படித்தாள்.

"என்ன?" என்று அம்மா திரும்பினாள்.