வாசலில் வைத்த பனிச்சப்பாத்து

“அம்மா, சாமியும் வெறுங்காலோடதானே நிக்கிறார். அவருக்குக் குளிராதோ?”

நான்கு வயது வித்தியா தேவாலயத்துச் சிலையைக் காட்டி இப்படிக் கேட்டபோது புஷ்பவதி அவளைத் தன்னோடு அணைத்துக்கொண்டாள். கனடாவுக்கு வந்த முதல் மாரி அது, பனி கொட்டும் காலம். மொன்றியலில் இருந்து இரண்டு மணித்தியாலத் தூரத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே காளான் பண்ணையில் வேலை. கோயில் இல்லாத ஊரில் இதுவும் சாமி வீடுதான் என்று மகளோடு தேவாலயத்துக்குப் போனவள், பழக்கத்தில் செருப்பைப் படியிலே கழற்றிவிட்டாள். கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால், செருப்புக்குப் பக்கத்தில் ஒரு சோடி பனிச்சப்பாத்து. உள்ளே கம்பளிக் காலுறை. சுற்றிவர ஒருவருமில்லை.

அதற்குப் பிறகு இருபது வருடம் ஓடிவிட்டது. அடுத்த கிழமை அவளுக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை. இனி இவ்வளவு தூரம் வர முடியுமோ தெரியாது. அதற்கு முன் அந்தப் படியில் ஒரு சோடி வைத்துவிட வேண்டும் என்றுதான், மொன்றியலின் லாசால் பகுதியில் இருந்து தமிழாட்களை இரவிச்சந்திரன் ஊர் பார்க்கக் கூட்டிவந்த வான் வண்டியில் அவளும் மகளோடு ஏறினாள். மகளுக்குக்கூடச் சொல்லவில்லை.

“என்ன அக்கா, பைக்குள்ள புட்டோ?” என்று அவள் மடியில் இருந்த பையைக் காட்டிக் கேட்டான் இரவிச்சந்திரன்.

“உமக்கில்லை. ரோட்டைப் பார்த்து ஓடும்.”

கூரை போட்ட மரப்பாலத்தைப் பார்த்தார்கள். பழைய மாவாலையைப் பார்த்தார்கள். பாதி உறைந்த சிற்றருவிக்கு முன்னால் எல்லாரும் படம் எடுத்தார்கள். புஷ்பவதியின் கண் மட்டும் சிலுவைக் கோபுரத்தைத் தேடியது. மேட்டில் ஒன்று தெரிந்தது. போனால், கதவு நீலம். அவள் மனதில் இருந்தது சிவப்பு. ஏழு படி என்று நினைவு, இங்கே நான்குதான். நிறம் மாற்றிப் பூசிவிட்டார்களோ? படியை இடித்துவிட்டார்களோ? அல்லது ஊரே வேறோ? கதவைத் தள்ளிப் பார்த்தாள், பூட்டியிருந்தது.

“இரண்டு மணித்தியாலம் ஓடிவந்து பூட்டின கதவையோ பாக்கிறியள்?” என்றான் இரவிச்சந்திரன். “வாங்கோ, கடைசியா சீஸ் கடை. மூண்டு மணிக்கு வெளிக்கிடவேணும்.”

சீஸ் கடை வாசலில் புஷ்பவதி குனிந்து சப்பாத்தைக் கழற்றினாள். ஏன் கழற்றினாள் என்று அவளுக்கே விளங்கவில்லை.

“அம்மா! இது கடை!” வித்தியா பதறினாள்.

புஷ்பவதி நிமிர்ந்தாள். உயரத்தில் வண்ணக் கண்ணாடி. சீஸ் அடுக்கிய தட்டுகளுக்கு மேலே, சுவர் மாடத்தில், அதே வெறுங்கால் சாமி.

கடைக்காரப் பெண்ணிடம் வித்தியா பிரெஞ்சில் கேட்டுச் சொன்னாள்: “ஓம் அம்மா, முந்தி சேர்ச்தானாம். ஆக்கள் வராமல் வித்துப்போட்டினமாம். கோபுரத்தைக் கழட்டி, முன்படியை உடைச்சுச் சரிவுப் பாதை போட்டிருக்கினம். அந்த நேரத்து ஆக்கள் அநேகமா காலமாகிட்டினமாம்.”

படியும் இல்லை, ஆட்களும் இல்லை. பையை மார்போடு அணைத்தபடி நின்றாள். இனி இதை யாரிடம் கொடுப்பது? திருப்பிக் கொண்டுபோவதா? சாமியைப் பார்த்தாள். பிறகு தன் சப்பாத்தை மாட்டிக்கொண்டு கழிப்பறையைத் தேடி நடந்தாள்.

கழிப்பறை பின்பக்கம் இருந்தது. போகும் வழியில், சீஸ் செய்பவர்கள் வெள்ளை றப்பர் சப்பாத்து மாட்டும் அறை. அவர்களுடைய சொந்தச் சப்பாத்துகள் சுவரோரம் வரிசையாக இருந்தன. கடைசியில் ஒரு சோடி மெல்லிய துணிச் சப்பாத்து, பனியில் ஊறித் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றுக்குள்ளும் மடித்த பலசரக்குக் கடைப் பொலித்தீன் பை. நனையாமல் இருக்கக் காலுறைக்கு மேல் பையைக் கட்டிக்கொண்டு அவளும் அந்த முதல் மாரியில் நடந்திருக்கிறாள்.

யாருடையதோ. எந்த நாட்டுப் பிள்ளையோ. நன்மை செய்தவர் போய்விட்டாலும் அது போகவேண்டிய கால்கள் இருக்கத்தான் செய்கின்றன என்று அவளுக்குப் பட்டது.

நோகும் முழங்காலை மெல்ல மடக்கிக் குந்தினாள். புதுச் சப்பாத்தின் அடியைப் பழையதோடு பிடித்து அளந்தாள். கொஞ்சம் பெரிது, தடித்த காலுறை போட்டால் சரியாகும். காலுறையை உள்ளே வைத்து, சோடியை ஈரச் சப்பாத்துக்குப் பக்கத்தில், முன்பக்கம் கதவைப் பார்க்கத் திருப்பிவைத்தாள்.

உள்ளே எங்கோ காலடிச் சத்தம் கேட்டது. வெறும் பையை மடித்துச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே வந்தாள்.