பந்து இருந்த இடம்

சேலக்குன்னு ஊரில் அந்தப் படம் இல்லாத சுவர் குறைவு. முடிதிருத்தும் கடையில் கண்ணாடிக்கு மேலே, சுலைமானித் தேநீர்க் கடையில் கல்லாப்பெட்டிக்குப் பின்னால், யுவதாரா கிளப்பின் அழைப்பிதழ்களில், உலகக் கோப்பைக் காலத்தில் சாலைக்குக் குறுக்கே கட்டும் ஃபிளெக்ஸ்களில் எல்லாம் அதுவே இருந்தது. கொட்டும் வேனல் மழை. கம்பங்களின் வெளிச்சத்தில் இழை இழையாக நீர். அறுவடை முடிந்த வயலில் அமைத்த மைதானம் சேறாகிக் கிடக்கிறது. சேதுமாதவன் அந்தரத்தில் நிற்கிறான்: கைகள் இரண்டும் விரிந்திருக்கின்றன, வாய் அகலத் திறந்திருக்கிறது, ஒரு கால் முன்னால் நீண்டிருக்கிறது. அவனுக்குக் கீழே ஒரு கோல்கீப்பர் சேற்றில் முகம் புதைத்துக் குப்புறக் கிடக்கிறான். ஓரத்தில் வலையின் ஒரு மூலை தெரிகிறது. பந்து மட்டும் படத்தில் இல்லை.

பந்து வலைக்குள் போய்விட்டது, அதனால்தான் படத்தில் இல்லை என்பது ஊரின் தீர்ப்பு. கோழிக்கோட்டுப் பத்திரிகை ஒன்று அந்தப் படத்தை வெளியிட்டபோது அதனடியில் 'கோல்' என்ற ஒற்றைச் சொல்லை அச்சிட்டது. பிறகு படத்துக்கு மாநில விருது கிடைத்தது. விருது பெற்ற படத்தை யாரும் மறுபடி பார்ப்பதில்லை, பார்த்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். தெரியும் பொருள்களையெல்லாம் விட்டுவிட்டு, தெரியாத ஒரு பொருளைப் பற்றி ஊர் முழுவதும் சத்தியம் செய்தது.

கீழே கிடந்தவன் பீரான்குட்டி. சேலக்குன்னிலேயே பிறந்தவன். ஆனால் ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டத்தில் ஆட்டக்காரனுக்குச் சொந்த ஊர் என்று ஒன்று கிடையாது. ஒரு மாலைக்கு யார் கூலி பேசுகிறார்களோ அவர்களின் சட்டைதான் அன்றைக்கு ஊர். அந்த இறுதியாட்டத்தில் பீரான் ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வந்த அணிக்காகச் சொந்த ஊருக்கு எதிராக நின்றான். ஆட்டம் முடியும் தறுவாயில் சேது ஒரு கோல் அடித்தான், யுவதாரா வென்றது. அதைப் பீரான் ஒருபோதும் மறுத்ததில்லை. கால் நுனியால் தள்ளிய பந்து, கம்பத்தில் பட்டு, தயங்கித் தயங்கிக் கோட்டைத் தாண்டிய அழகற்ற கோல் அது. அதை யாரும் படமெடுக்கவில்லை. படம் அதற்கு வெகு நேரம் முந்தையது. தனியாக ஓடி வந்த சேதுவின் காலடியில் பீரான் பாய்ந்து விழுந்து பந்தை வயிற்றுக்கடியில் அடக்கிய கணம் அது. ஊர் இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கிவிட்டது. ஊரின் நினைவில் இருப்பது, நடந்த கோலுக்கு நடக்காத அழகைப் பூட்டிய ஒரு மூன்றாவது ஆட்டம்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பீரான் இதைச் சொல்லிக்கொண்டிருந்தான். அறுபதைத் தாண்டிய இந்த வயதிலும், காலையில் வண்டியில் மீன்பெட்டியைக் கட்டிக்கொண்டு ஹாரன் அடித்தபடி தெருத்தெருவாகப் போகும்போது யாராவது சீண்டினால் வண்டியை நிறுத்திவிடுவான். ஒரு வீட்டில் மத்தி வாங்க வந்தவர், அண்ணன் முறையில் காக்கா என்றழைத்து, இன்றைக்காவது கையில் பிடித்த மீனை நழுவவிடாமல் தருவாரா என்று கேட்டதற்கு, பீரான் எடைபோட்ட மத்தியைப் பெட்டிக்கே திருப்பிக் கொட்டிவிட்டுப் போனான். அந்த வீட்டுக்கு அவன் அதற்குப் பிறகு மீன் விற்கவில்லை. அவர்கள் வந்து கேட்டார்கள், அப்போதும் விற்கவில்லை. முடிதிருத்தும் கடையில் அந்தப் படம் தொங்குகிற வரையில் அங்கே தலைகுனிந்து உட்கார முடியாது என்று பக்கத்து ஊருக்குப் போய் முடிவெட்டிக்கொண்டான்.

படமெடுத்த ஸ்டுடியோ உண்ணீரியிடம் அவன் ஒரே ஒரு முறை நியாயம் கேட்டுப் போயிருந்தான். உண்ணீரி பொய் சொல்லத் தெரியாத மனிதர். வெகு நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "பொத்தானை அமுக்குற நொடியில கேமராவுக்குள்ள கண்ணாடி மேல போயிடும், பீரானே. எனக்கு இருட்டுதான் தெரியும். ஊரே பாத்த அந்த ஒரு நொடியை நான் மட்டும்தான் பாக்கல." அவர் இறந்தபோது பீரான் சொந்தக்காரரின் மையத்துக் கட்டிலுக்குத் தோள்கொடுப்பவனைப் போல முன்வரிசையில் நடந்து சுடுகாடு வரை போனான். உண்மை தெரியாது என்று ஒப்புக்கொண்ட ஒரே மனிதர் அவர் என்பது காரணம்.

பீரானைத் தவிர உண்மை தெரிந்தவன் இன்னொருவன் இருந்தான். சேதுமாதவன் அந்தப் படத்தின் பெயரால் ஊர் ஊராக அழைக்கப்பட்டு, போலீஸ் அணியில் சேர்ந்து, அதிகாரியாகி ஓய்வும் பெற்றுவிட்டான். மேடைகளில் அவனுக்கு அந்தப் படத்தைத்தான் சட்டம்போட்டுப் பரிசளித்தார்கள். அவன் அது கோல் என்று தன் வாயால் சொன்னதில்லை. இல்லை என்றும் சொன்னதில்லை. பீரான் நேரில் கேட்டபோதெல்லாம் சிரித்துக்கொண்டே தோளில் தட்டி, கடைசியில் ஜெயித்தது நாங்கள்தானே, எந்தக் கோல் எதுவானால் என்ன என்று பேச்சை மாற்றிவிடுவான்.

யுவதாராவின் பொன்விழாவுக்கு, மைதான வாசலில் அந்தப் படத்தையே பெரிய சிமெண்ட் சிலையாக நிறுத்துவதென்று முடிவாயிற்று. வளைகுடாவில் இருக்கும் ஊர்க்காரர்கள் செலவை ஏற்றார்கள். கிளப்பின் செயலாளர் ஜம்ஷீர் சுறுசுறுப்பான இளைஞன். திருச்சூரில் சிற்பம் படித்த மிருதுளா என்ற பெண்ணை அமர்த்தியிருந்தான். அவள் வந்த முதல் நாளே ஒரு சிக்கலைச் சொன்னாள். படத்துக்கு ஒரு பக்கம் போதும், சிலையை மக்கள் சுற்றிவந்து பார்ப்பார்கள். முதுகுப்புறமும் அடிப்பக்கமும் தனக்குத் தெரிய வேண்டும், ஆகவே அந்த இரண்டு பேரும் மைதானத்தில் அதேபோல நின்றும் கிடந்தும் காட்ட வேண்டும் என்றாள்.

ஜம்ஷீர் மீன் வாங்க வருபவனைப் போலப் பீரானின் வீட்டுக்கு வந்தான். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் பீரான் எழுந்து உள்ளே போய்விட்டான். காகிதத்தில் இருக்கிற பொய் மழையில் நனைந்து ஒருநாள் போகும், சிமெண்டில் நிற்கிற பொய் தன் பேரப்பிள்ளைகளின் காலத்திலும் நிற்கும் என்று உள்ளிருந்தே கத்தினான். ஜம்ஷீர் போன பிறகு அவன் மனைவி பாத்துட்டி அரிவாள்மணையில் மீன் நறுக்கிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் பேசினாள்.

"போங்களேன். முப்பது வருஷமா அந்தச் சேத்துலதான கிடக்குறீங்க. இன்னும் ஒரு மணி நேரம் கிடந்தா என்ன தேய்ஞ்சா போயிடுவீங்க?"

"அவனுங்களுக்கு நான் தோத்துக் கிடக்கிற மாதிரி கிடக்கணும்."

"நீங்க போகலேன்னா வேற எவனையாவது படுக்க வெப்பாங்க. அவனுக்கு எப்படிக் கிடக்கணும்னு தெரியுமா?"

 மறுநாள் காலையில் பீரான் மீன்பெட்டியோடு வண்டியை மைதானத்து வேலிக்கு வெளியே நிறுத்திவிட்டு, கவிச்சி வீசும் அதே சட்டையோடு உள்ளே போனான்.

இரவு பெய்த மழையில் கோல் கம்பத்தின் முன்னே தரை இளகியிருந்தது. கிளப்காரர்களும் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் கூடியிருந்தார்கள். சேது வெள்ளைச் சட்டையில், காலையில் சவரம் செய்த முகத்தோடு வந்திருந்தான். முழங்காலில் அறுவைசிகிச்சை ஆகியிருந்ததால் அவனைத் தாண்டச் சொல்ல முடியாது. ஒரு ஸ்டூலைப் போட்டு, அதன்மேல் ஒற்றைக் காலில் நிறுத்தி, இரண்டு பேர் பின்னாலிருந்து பிடித்துக்கொள்வதென்று ஏற்பாடு. ஜம்ஷீர் ஒரு புதுப் பந்தைக் கொண்டுபோய் வலையின் உள்மூலையில், பூசைப் பொருளை வைப்பதுபோல மெதுவாக வைத்துவிட்டு வந்தான். பீரான் அதைப் பார்த்தான். முழங்காலிட்டு, பிறகு கையூன்றி, சேற்றில் குப்புறக் கிடந்தான். எங்கிருந்தோ ஒரு சிரிப்பு எழுந்தது. வேறெங்கோ ஒருவன் காக்காவுக்கு இடம் பழக்கம்தான் என்றான்.

மிருதுளா படத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு அவனைச் சுற்றிவந்தாள். உட்கார்ந்து பார்த்தாள். எழுந்து தூரத்தில் போய்ப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு சலிப்பு வந்தது. படத்தில் முதுகு வில்லாக வளைந்து உயர்ந்திருக்கிறது, இங்கே பலகைபோலத் தட்டையாகக் கிடக்கிறது என்றாள். வயதாகிவிட்டதல்லவா, முதுகு வளையாது என்று ஜம்ஷீர் சமாதானம் சொன்னான். வயதானால் முதுகு வளையத்தான் செய்யும், நிமிராது என்று அவள் சொன்னதும் மறுபடி ஒரு சிரிப்பு எழுந்தது. இந்த முறை அது பீரானை நோக்கி வரவில்லை. இடுப்பைத் தூக்கச் சொன்னாள். தூக்கினான், கைகள் விரிந்துவிட்டன. படத்தில் கைகள் வெளியே தெரியவே இல்லை.

"காக்கா, அன்னைக்கு உங்க கை ரெண்டும் எங்க இருந்துச்சு?" என்று கேட்டாள்.

அத்தனை ஆண்டுகளில் அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. பந்து எங்கே என்று கேட்டிருக்கிறார்கள், மானம் எங்கே என்றும் கேட்டிருக்கிறார்கள். பீரான் சேற்றிலிருந்து முகத்தைத் தூக்கி, அவளைப் பார்க்காமல் ஜம்ஷீரைப் பார்த்துச் சொன்னான்.

"அந்தப் பந்தை எடுத்துட்டு வா. காட்டுறேன்."

ஜம்ஷீர் அசையவில்லை. பணம் கொடுத்தவர்கள் கோலுக்குத்தான் கொடுத்தார்கள், இந்த வழக்கைப் பிறகு பேசிக்கொள்ளலாம், முதலில் வேலை முடியட்டும் என்று கெஞ்சினான். பெரியவர்கள் சிலரும் அதையே சொன்னார்கள். பீரான் இருகைகளையும் சேற்றில் ஊன்றிக்கொண்டு, பந்து வராமல் தான் எழுந்திருக்கப் போவதில்லை, வேண்டுமானால் நான்கு பேர் வந்து தூக்கிப் போடட்டும் என்றான். யாரும் வரவில்லை. அவன் தலையை நேராக மேலே திருப்பி ஸ்டூலின்மேல் நின்றவனைப் பார்த்தான்.

"சேதுவே. பந்து வலைக்குள்ள போயிருந்தா, என் தலைக்கு மேல நீ எதுக்குடா தாண்டுன?"

சேது வழக்கம்போலச் சிரிக்கப் பார்த்தான். ஆனால் அவன் ஒரு காலை முன்னால் நீட்டி, கைகளை விரித்து, அந்தப் படத்திலிருந்த அதே நிலையில் அத்தனை பேருக்கும் நடுவே நின்றுகொண்டிருந்தான். கீழே அதே தலை இருந்தது. நினைவு மறந்திருந்தாலும் உடம்பு மறக்கவில்லைபோலும். நீட்டிய காலை அவன் அனிச்சையாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். பிடித்திருந்தவர்கள் தடுமாறினார்கள்.

"தாண்டலேன்னா உன் பல்லு போயிருக்கும்," என்றான் சேது.

படத்தில் இருந்தது கோலைக் கொண்டாடும் துள்ளல் அல்ல என்று அவன் வாயே சொல்லிவிட்டது. என்ன சொன்னோம் என்பது அவனுக்குச் சற்றுத் தாமதமாகத்தான் உறைத்தது. அவன் பிடித்திருந்தவர்களின் கைகளை விலக்கிவிட்டு ஸ்டூலிலிருந்து இறங்கினான். வெள்ளை வேட்டியின் கரை சேற்றில் புரள, வலி எடுக்கும் காலை இழுத்துக்கொண்டு கோலுக்குள் நடந்தான். குனிந்தான். வாழ்நாள் முழுவதும் வலைக்குள் பந்தைச் செலுத்தியதற்காகப் புகழப்பட்ட மனிதன், வலைக்குள்ளிருந்து பந்தை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தான். வரும்போது ஒருவரையும் பார்க்கவில்லை.

"இந்தா," என்றான்.

பீரான் அதை வாங்கி மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே வைத்து, இரு கைகளாலும் வளைத்து, அதன்மேல் கவிந்தான். முதுகு எழுந்தது. கைகள் மறைந்தன. மிருதுளா கையிலிருந்த படத்தைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், பிறகு படத்தைப் பைக்குள் வைத்துவிட்டாள். அது இனி தேவைப்படவில்லை. அளவுநாடாவை எடுத்துக்கொண்டு சேற்றிலேயே மண்டியிட்டாள்.

ஜம்ஷீர் மட்டும் விடவில்லை. அவன் கெட்டவனல்ல, ஊருக்கு வாக்குக் கொடுத்தவன். பீரானின் தலைமாட்டில் குந்தி உட்கார்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் ஒரு வழி சொன்னான்.

"சரி காக்கா, பந்து உங்களுக்கு அடியிலயே இருக்கட்டும். ஆனா சிலையில அது வெளிய தெரியாதே. பாக்கிறவன் எப்பவும்போல கோல்னுதான் சொல்லுவான். அப்புறம் எதுக்கு இந்த வீம்பு?"

பீரானின் கன்னம் சேற்றில் பதிந்திருந்தது. ஒரு கண் மட்டும் மேலே திறந்திருந்தது.

"தெரிய வேண்டாம்டா. இருக்கணும்."

மிருதுளா வேலையை முடித்துவிட்டதாகச் சொன்னாள். எழுந்துகொள்ளலாம் என்று இரண்டு பேர் கைகொடுத்தார்கள். சேதுவும் கைகொடுத்தான். பீரான் எந்தக் கையையும் பற்றவில்லை. பந்தை அணைத்தபடி இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே கிடந்தான். நடுவர் ஊதும் வரை கிடப்பதுதான் முறை என்பதைப் போல. வேலிக்கு அப்பால் நிறுத்தியிருந்த அவன் வண்டியைச் சுற்றி மீன் வாங்க வந்தவர்கள் கூடிவிட்டிருந்தார்கள். ஒருவர் பொறுமையிழந்து ஹாரனை அழுத்தினார்.

"இருங்க," என்று பீரான் சேற்றிலிருந்து சத்தமாகச் சொன்னான். "கையில வேலை இருக்கு."