இடுப்புவலி சாட்சி

இடுப்புவலி போன இடம் தெரியவில்லை என்று டக்ளஸ் மேடையேறி இந்தியில் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார். கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த அவர் மனைவி எல்சிக்குக் காறித் துப்பலாம் போலிருந்தது.

மராட்டி ஊரான கட்கியின் சர்ச் ஹாலுக்கு, இடுப்புவலி போக்கும் காந்தப் பெல்ட் விற்க வந்த, கழுத்தில் டை கட்டிய ஆள் அவரைக் 'கேப்டன் சாப்' என்று கூப்பிட்டிருந்தான். அது போதுமே அவருக்கு. வெடிமருந்துத் தொழிற்சாலையின் ஸ்டோரில் ரசீது எழுதி ஓய்வு பெற்ற மனுஷன், துப்பாக்கியைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. இப்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறார். காலையில் கட்டிலைவிட்டு எழ எல்சியின் தோள் வேண்டியிருந்தது. அவளுக்கோ குதிகாலில் ஆணி ஏறுகிற மாதிரி வலி. ஆயுசெல்லாம் கரும்பலகை முன்னால் நின்றதன் மிச்சம். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அவர் தும்மினாலே தெரு முழுக்கக் கேட்கும்படி முனகுவார். முனகலையாவது பொறுத்துக்கொள்ளலாம். இந்தப் புளுகை?

பக்கத்தில் சரசா பர்ஸைத் திறந்தாள். புருஷனை இழந்து, முதுகுவலியோடு டிபன் டப்பா கட்டிப் பிழைப்பவள்.

"அண்ணன் சொல்றது நெஜந்தானே எல்சியக்கா? வாங்கிரட்டுமா?"

எல்சி எழுந்து நின்றாள்.

"காலைல உங்கள யாரு தூக்கி உக்கார வெச்சா? அதையும் சேத்துச் சொல்லுங்க."

தமிழ் தெரிந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். அவர்கள் விளக்கிச் சொன்ன பிறகு மராட்டிக்காரர்களும் சிரித்தார்கள். சரசா பர்ஸை மூடினாள். டைக்காரன் முகம் மாறாமல் முன்வரிசையில் இன்னொரு கிழவரைக் 'கர்னல் சாப்' என்றான். டக்ளஸை அதன்பிறகு யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இறங்கப் போனவர் மேடைப் படியில் அப்படியே நின்றுவிட்டார். இடுப்பு பிடித்துக்கொண்டது. கிடக்கட்டும் என்று எல்சி வாசல்வரை போனாள். பிறகு தன் கால்களையே திட்டிக்கொண்டு திரும்பி வந்தாள்.

"எல்லாரு முன்னாடியுமா எல்சி?" என்றார் மெல்ல.

"கையக் குடுங்க, கேப்டன்."

அவர் பாரம் முழுவதும் அவள் தோளில் இறங்கியது. வலித்த காலை மாற்றி ஊன்றியபோது அவளுடைய செருப்பு கழன்று கீழ்ப்படியில் கவிழ்ந்து விழுந்தது. குனிய அவராலும் முடியாது, அவளாலும் முடியாது. ஒருவரையொருவர் பிடித்தபடி இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.