லென்ஸ் படிவத்தில் ஏழாவது கேள்வி

யாராவது என்னிடம் தேன் ஒழுகப் பேசினால் நான் உஷாராகிவிடுவேன். கண் ஆஸ்பத்திரியில் லென்ஸ் பற்றி விளக்குவதற்கென்றே உட்கார வைத்திருந்த அந்தப் பெண் அப்படித்தான் பேசினாள். மேஜை மேல் பூசணிக்காய் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் கண். அதைத் திறந்து, உள்ளே இருந்த பழுப்பு வில்லையைக் கழற்றிக் காட்டினாள். இதுதான் உங்கள் கண்புரை, இதை எடுத்துவிட்டு இந்த இடத்தில் புது லென்ஸ் வைப்போம் என்றாள். என் கண்ணுக்குள் இருப்பது என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரிந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

நான் மருந்துப் பெட்டிகள் அச்சடிக்கும் அச்சகத்தில் சரிபார்ப்பவன். எத்தனை மில்லிகிராம், எந்த மாதம் காலாவதி என்று எழுத்தெழுத்தாகப் பார்த்து நான் கையெழுத்துப் போட்டால்தான் மிஷின் ஓடும். அங்கே எனக்குப் பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. முன்னால் ஒரு மாதிரி, பின்னால் ஒரு மாதிரி சொல்வார்கள், தெரியும். இருபத்தாறு வருஷத்தில் ஒரு தப்பு என்னைத் தாண்டிப் போனதில்லை. போன மாதம் போயிற்று. 3 இருக்க வேண்டிய இடத்தில் 8 இருந்தது, நான் ‘சரி’ போட்டுவிட்டேன். நல்லவேளை, மிஷின்காரர் பார்த்து நிறுத்தினார். முதலாளி சத்தம் போடவில்லை. கண்ணைச் சரிபண்ணிக்கொண்டு வாருங்கள், வந்தால் அதே நாற்காலி, இல்லையென்றால் கிடங்கில் உட்காரலாம் என்றார். 

இரண்டு வகை லென்ஸ் இருக்கிறது என்றாள் அந்தப் பெண். ஒன்று தூரத்துக்கு மட்டும், படிப்பதற்குக் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும். இன்னொன்றில் தூரமும் தெரியும், கிட்டமும் தெரியும், பெரும்பாலும் கண்ணாடியே தேவைப்படாது. சொல்லிவிட்டு “ஆனா சார்...” என்று இழுத்தாள். ராத்திரியில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாமாம். வெளிறிய எழுத்து இன்னும் கொஞ்சம் வெளிறித் தெரியலாமாம். எல்லாருக்கும் ஒத்துவராதாம். அந்த ‘ஆனா’வைக் கேட்டதுமே இரண்டாவதுதான் வேண்டும் என்று நான் முடிவு பண்ணிவிட்டேன். எதை நம்மிடமிருந்து தள்ளி வைக்கிறார்களோ அதில்தான் விஷயம் இருக்கும். கண்ணாடி இல்லாமல் முதலாளி எதிரில் போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு.

எந்த லென்ஸ் என்று முடிவு செய்யும் முன் ஒரு படிவம் நிரப்பச் சொன்னாள். பென்சில் கொடுத்தாள். ஏன் பேனா கொடுக்கவில்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டேன். தொழில் என்ற இடத்தில் ‘அலுவலக வேலை’ என்று எழுதினேன். இவர்களுக்கு எதற்கு அதற்கு மேல்? ராத்திரி வண்டி ஓட்டுவீர்களா, பேப்பரை எவ்வளவு தூரத்தில் பிடிப்பீர்கள், இப்படி ஆறு கேள்வி. ஏழாவதைப் பார்த்ததும் சுருக்கென்றது. ஒரு கோடு. இந்த முனையில் ஒன்று, ‘எதற்கும் அனுசரித்துப் போவேன்’. அந்த முனையில் பத்து, ‘எல்லாம் துல்லியமாக இருந்தே ஆக வேண்டும்’. உங்கள் இயல்பு எங்கே என்று புள்ளி வைக்க வேண்டும்.

கண்ணுக்கும் குணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். லென்ஸ் தேர்ந்தெடுக்க உதவும் என்றாள். எனக்குப் புரிந்துவிட்டது. நொணுக்கம் பார்க்கிற ஆள் என்று தெரிந்தால் அந்த லென்ஸைத் தராமல் கழற்றிவிடுவார்கள். என் காதிலா பூச்சுற்றுகிறாய் என்று நினைத்துக்கொண்டு இரண்டில் புள்ளி வைத்தேன். பக்கத்தில் என் வீட்டுக்காரிக்குப் புரையேறியது. தண்ணீர் குடி என்றேன்.

பிறகு கண்ணை அளக்கக் கூட்டிப்போனார்கள். கண் பாப்பா விரிவதற்குச் சொட்டு மருந்து விட்டார்கள். வெளியே வந்தபோது உலகமே பால் கொட்டின மாதிரி இருந்தது. அந்த வெள்ளைக்குள்ளும் நான் பார்த்துவிட்டேன். என் வீட்டுக்காரி அந்த மேஜைமேல் குனிந்திருந்தாள். கை அசைந்தது. அந்தப் பெண் தலையை ஆட்டினாள். நான் கிட்டே போனதும் பேச்சு நின்றது. என்ன பேச்சு என்றேன். பாத்ரூம் எங்கே என்று கேட்டேன் என்றாள் இவள். பாத்ரூம் கேட்க ஐந்து நிமிஷமா? அதை அங்கே கேட்கவில்லை. டாக்டர் அறைக்குள் கூப்பிட்டுவிட்டார்கள்.

டாக்டர் வளவளவென்று பேசவில்லை. உங்களுக்குத் தூரத்து லென்ஸ்தான் சரி, படிக்கக் கண்ணாடி போடுங்கள், எழுத்து பளிச்சென்று நிற்கும் என்றார். பொடி எழுத்தே தொழிலாக இருக்கிறவர், துளி மங்கலையும் பொறுக்காதவர், உங்களுக்கு அந்த இன்னொன்றைக் கொடுக்க மாட்டேன் என்றார். நான் வாயே திறக்கவில்லையே, இவருக்கு யார் சொன்னது? கேட்டேன். உங்கள் படிவத்திலேயே இருக்கிறதே என்று தாளை நீட்டினார்.

வெடுக்கென்று வாங்கினேன். கிட்டே வைத்தேன், எட்ட வைத்தேன், விளக்குக்கு நேராகப் பிடித்தேன். வெறும் வெள்ளை. மற்றவன் படித்துச் சொன்னதை நம்பிக் கையெழுத்துப் போடாத ஆள் நான். எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. தாளை இவளிடம் நீட்டினேன். படி என்றேன்.

“தொழில், மருந்துப் பெட்டி எழுத்து சரிபார்க்கறவர். ஏழாவது கேள்வி, பத்து.”

“நான் ரெண்டுதானே போட்டேன்?”

“அழிச்சுட்டுப் பத்து போட்டேன்.”

பார்த்தீர்களா, என் சந்தேகம் தப்பவில்லை. சொல்ல வெட்கம்தான், ஒரு நொடி உள்ளுக்குள் குஷியாகக்கூட இருந்தது. முதுகுக்குப் பின்னால் இன்னும் என்னென்ன செய்கிறாய், யார் சொல்லிக்கொடுத்தது என்று ஆரம்பித்துவிட்டேன். டாக்டர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இவள் குரலை உயர்த்தவில்லை.

“யாரும் சொல்லிக்கொடுக்கலை. அந்த லென்ஸை வெச்சு ஒரு வளையம் தெரிஞ்சாப் போதும், நீங்க டாக்டரைச் சந்தேகப்படுவீங்க. அப்புறம் சொட்டு மருந்தை. அப்புறம், அதுக்குத் தலையாட்டினேன்னு என்னை. இருபத்தொன்பது வருஷமா பதில் சொல்லிக்கிட்டேதான் இருக்கேன். இனிமே என்னால முடியாதுங்க.”

இவள் சண்டை போட்டிருக்கிறாள். அழுதிருக்கிறாள். ஒருமுறை பெட்டியைத் தூக்கிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய் நாலு நாளில் திரும்பி வந்திருக்கிறாள். முடியாது என்று சொன்னதே இல்லை. நாற்காலி போய்விடுமே என்று பயந்துகொண்டு வந்தவன் நான். எது போகப்போகிறது என்று அப்போதுதான் உறைத்தது.

டாக்டர் சம்மதத் தாளை மேஜைமேல் வைத்தார். அவரால் இப்போது படிக்க முடியாது, நீங்களே படித்துச் சொல்லுங்கள் என்று இவளிடம் சொன்னார். இவள் விரல் வைத்து வரிவரியாகப் படித்தாள். எந்தக் கண், எந்த லென்ஸ், என்னென்ன ஆகக்கூடும். குரலில் கோபம் இல்லை. ஒன்றுமே இல்லை. நாலைந்து வரி போயிருக்கும், என் காது தானாகக் கூர்மையானது. நடுவில் ஒரு வரியைத் தாண்டிவிட்டாளோ? அதை இன்னொரு தடவை படி என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

இவள் படிப்பதை நிறுத்தினாள். முகம் தெளிவாகத் தெரியவில்லை, என்னைத்தான் பார்க்கிறாள் என்பது மட்டும் தெரிந்தது.

“கேளுங்க” என்றாள்.

“எங்க கையெழுத்துப் போடணும்?” என்று கேட்டேன்.