முகூர்த்த நேரத்து முதுகு

அரசு மருத்துவமனையில் மருந்து கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னால் இருபத்துநாலு வருஷம் நின்றதில் குருநாதனுக்குக் கெண்டைக்கால் நரம்பெல்லாம் புடைத்துப் பின்னிக்கொண்டுவிட்டது. "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்ட்டுட்டுப் போடணும்." இதையே ஒரு நாளைக்கு நானூறு தடவை சொல்லுவார். வீட்டுக்கு வந்து, மகள் இலக்கியா "அப்பா, சாயந்தரம் கடைக்குப் போறீங்களா?" என்று கேட்டால்கூட வாயில் முதலில் வருவது "சாப்ட்டுட்டு" என்பதுதான்.

அந்த ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம். பதினோரு மணிக்கு அதன் இலைகளுக்குள்ளிருந்து வடிகட்டி வருகிற வெளிச்சம், வரிசையில் நிற்பவர்களின் இடது கன்னத்தில் விழும். எந்த ஸ்டூடியோவிலும் கிடைக்காத வெளிச்சம். ஏலக்காய்த் தோட்டத்திலிருந்து இறங்கி வந்த கிழவர், மூக்குத்தியை அடகு வைத்துவிட்டு அந்தத் துளையில் ஈர்க்குச்சி செருகியிருந்த பெண், இருமி இருமிக் கண் சிவந்தவன் என்று ஒவ்வொரு முகமும் கம்பிச் சட்டத்துக்குள் வந்து நின்று போகும். ஆனால் அவர் ஒருநாளும் கேமராவை அங்கே கொண்டுபோனதில்லை. வலியோடு வருகிறவனைப் படம் பிடிப்பது, அவன் சட்டைப் பையில் கைவிடுகிற மாதிரி என்று அவருக்கு ஓர் எண்ணம்.

அதனால் படம் எடுப்பது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். விடியுமுன் பைக்கை எடுத்துக்கொண்டு சின்னமனூரைத் தாண்டி, திராட்சைப் பந்தல், வாழைத்தோட்டம், மலையில் தொங்குகிற மேகம் என்று சுற்றிவிட்டு எட்டரைக்குத் திரும்புவார். அவருடைய மனைவி திலகராணி இட்லியை மூடி வைத்துவிட்டுக் காத்திருப்பாள்.

"அந்த வாழை என்ன உங்களுக்கு அத்தை மகளா? வாராவாரம் போய்ப் பாத்துட்டு வர்றீங்க."

"ஒவ்வொரு வாரமும் வேற மாதிரி இருக்கும்டி."

"நானுந்தான் வாராவாரம் வேற மாதிரி இருக்கேன். யாரு பாக்கறா?"

குருநாதன் இட்லித் தட்டை இழுத்துக்கொள்வார். பதினெட்டாயிரம் படங்கள் கம்ப்யூட்டரில் கிடந்தன. நண்பர்கள் குழுவில் ஒன்றைப் போட்டால் நாலு பேர் கட்டைவிரலைக் காட்டுவார்கள்; அதில் இரண்டு பேர் படத்தைத் திறந்தே பார்த்திருக்கமாட்டார்கள். எதற்கு எடுக்கிறோம் என்று சில நாள் தோன்றும். எடுக்காத ஞாயிறுகளில் மட்டும் அந்தக் கேள்வி வராது. வேறு ஏதோ ஒன்று வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொள்ளும்.

இப்படி இருக்கையில்தான் அக்கா தெய்வானை போடியிலிருந்து மகள் சிந்துஜாவுக்குக் கல்யாணம் முடிவான செய்தியோடு வந்தாள். மாப்பிள்ளை மணிமாறன், பெரியகுளத்துப் பையன். தை மாதம் முகூர்த்தம். அக்காவின் கணவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. ஆகவே எல்லாவற்றையும் தம்பியைக் கேட்டுத்தான் செய்தாள். கூட வந்திருந்த சிந்துஜா, காபியை ஆற்றிக்கொண்டே சொன்னாள்:

"மாமா, போட்டோ நீங்களே எடுங்க. வர்றவனுக எல்லாரையும் ஒரே மாதிரி சிரிக்கச் சொல்லுவானுக. நீங்க எடுத்தாத்தான் நாங்க நாங்களா இருப்போம்."

இத்தனை வருஷத்தில் அவர் படத்தைப் பற்றி யாரும் அவரிடம் இப்படிச் சொன்னதில்லை. குருநாதனுக்குக் காது மடல் சூடாகிவிட்டது.

திலகராணி உடனே குறுக்கே வந்தாள். "மதினி, இவரு தாய்மாமன். பொண்ணு கையப் புடிச்சு மணவறைக்குக் கூட்டிட்டு வரணும். சபையில உக்காரணும். கேமராவத் தூக்கிட்டு அலைஞ்சா நல்லாவா இருக்கும்?"

"ரெண்டையும் பாத்துக்கறேன்" என்றார் குருநாதன்.

"பாத்துக்குவீங்க, பாத்துக்குவீங்க."

கல்யாணத்துக்கு முந்தின நாள் லீவு கிடைக்கவில்லை. கூட வேலை பார்க்கிறவருக்கு டெங்கு. எட்டு மணி நேரம் நின்றுவிட்டு, நின்ற காலோடு பஸ் ஏறிப் போடி போய்ச் சேர்ந்து, வரவேற்பு முழுக்கப் படமெடுத்தார். படுக்க இடமில்லாமல் மண்டபத்து அரிசி மூட்டைமேல் சாய்ந்து கிடந்தார். நாலரைக்கு நாதஸ்வரம் எழுப்பிவிட்டது.

முகூர்த்தம் ஆறிலிருந்து ஏழரை. சிந்துஜாவுக்கு மாலை போட்டு, பட்டம் கட்டி, கையைப் பிடித்து நாலு எட்டு வைத்தார். ஐந்தாவது எட்டில் கையைத் திலகராணியிடம் கொடுத்துவிட்டு முன்னால் ஓடினார். கையைப் பிடித்துக் கூட நடக்கிறவன் பெண்ணின் முகத்தை எப்படிப் படமெடுப்பான்? அப்புறம் அவர் கேமராவை முகத்திலிருந்து எடுக்கவே இல்லை. தாலி கட்டுகிற நேரத்தில் குனிந்து, மண்டியிட்டு, எழுந்து, புகைக்குள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எடுத்துத் தள்ளினார். சிந்துஜா அழவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். அந்த ஒரு நொடி கிடைத்துவிட்டது என்று அவருக்குத் தெரியும். இருபது வருஷத்தில் எடுத்ததிலேயே அதுதான் நல்ல படம் என்று விரல் சொன்னது.

கார்டு நிரம்பிவிட்டது. கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். அதே பையில் இன்னொரு காலிக் கார்டு இருந்தது. பந்தியில் யாரோ கூப்பிட்டார்கள், அக்கா அழைத்தாள், காபி என்று ஒரு தம்ளர் கைக்கு வந்தது. அப்புறம் பைக்குள் கையை விட்டு ஒரு கார்டை எடுத்துக் கேமராவில் செருகினார். 'அழிக்கவா?' என்று கேமரா கேட்டது. தூக்கத்தில் கொசு அடிக்கிறவன் மாதிரி 'சரி' என்று அமுக்கினார். சாயந்தரம் வரை அதில் பந்தி, மொய், வழியனுப்பு என்று அறுநூறு படம் எடுத்தார்.

மறுநாள் சாயந்தரம் வீட்டில் கம்ப்யூட்டர்முன் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. ஒரு கார்டில் பந்தி. இன்னொரு கார்டில் ஒன்றுமே இல்லை. மாற்றி மாற்றிச் செருகிப் பார்த்தார். தேனியில் ஒரு கம்ப்யூட்டர்க் கடைக்காரன் இரண்டு நாள் வைத்திருந்து நாற்பது படங்களை மீட்டுக் கொடுத்தான். ஒவ்வொன்றிலும் மேல்பாதியில் மணவறைத் தோரணம், கீழ்ப்பாதியில் சாம்பல்.

திலகராணியிடம் சொன்னார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் ஒரு பாவாடையை இரண்டு தடவை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

"மதினிகிட்ட எப்பச் சொல்லப் போறீங்க?"

"சொல்றேன்."

அக்கா தினமும் சாயந்தரம் போன் செய்தாள். "தம்பி, படம் ஆச்சாடா? சம்பந்தியம்மா கேக்கறாக."

"கலர் சரி பண்ணிட்டிருக்கேன்க்கா."

"என்ன கலரு? அவ நம்ம கலருதானே?"

நாலு நாள் இப்படியே ஓடிற்று. ஜன்னலில் நின்றபோது ஒரு பெண்ணுக்குச் சர்க்கரை மாத்திரைக்குப் பதில் பிரஷர் மாத்திரையை எடுத்துவிட்டார். சீட்டை இன்னொரு தடவை பார்த்ததால் கை நின்றது. அன்றைக்கே மனசில் முடிவு செய்தார். ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் போடிக்குப் பஸ் ஏறினார்கள்.

அக்கா வீட்டில் பெரியகுளத்துச் சம்பந்தியம்மாளும் வந்திருந்தாள். கறிவிருந்துக்குப் பெண் மாப்பிள்ளையை அழைத்து வந்திருக்கிறாள். குருநாதன் திரும்பிப் போய்விடலாமா என்று வாசலிலேயே நின்றார்.

"உள்ள போங்க" என்று திலகராணி முதுகில் விரலால் குத்தினாள்.

உட்காராமல், நின்றபடியே சொன்னார். "அக்கா, முகூர்த்தப் படம் இல்ல. என் தப்புதான். தூக்கக் கலக்கத்துல நானே அழிச்சுட்டேன்."

தெய்வானை அவரைப் பார்த்தாள். "எது இல்ல?"

"தாலி கட்டினது, மாலை மாத்தினது. எதுவும் இல்லக்கா."

அவள் அடுக்களைக்குப் போய், கொதிக்கிற குழம்பைக் கிண்டினாள். கரண்டி சட்டியில் இடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. சம்பந்தியம்மாள்தான் வாய் திறந்தாள்.

"என்ன சம்பந்தி இப்பிடிச் சொல்றீங்க? நாளைக்கு நாலு பேரு வந்து கேட்டா நான் பந்தியில சோறு தின்ன படத்தையா காட்டுவேன்?"

மணிமாறன் மெதுவாக, "மண்டபத்துல எல்லாரும் போன்ல எடுத்தாகளேம்மா" என்றான்.

அதையெல்லாம் சேர்க்கிற வேலையை இலக்கியா எடுத்துக்கொண்டாள். இரண்டு மணி நேரத்தில் மாமன், மச்சான், சிந்துஜாவின் தோழிகள் என்று எல்லோரிடமும் கேட்டு வாங்கி எழுபது படம் சேர்த்துவிட்டாள். சாப்பாடு முடிந்து எல்லோரும் அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். முதல் படம் வந்தது. நடுவில் நீலச் சட்டை, நடுமுதுகில் வேர்வைத் திட்டு. இரண்டாவது படத்திலும் நீலச் சட்டை. மூன்றாவதில் சட்டை மேலேறி, இடுப்பு வேட்டிக்கு மேல் இரண்டு விரல் சதை தெரிந்தது. நாலாவதில் உச்சிமண்டை வழுக்கை, விளக்கு வெளிச்சத்தில் பளபளவென்று. எந்தப் பக்கத்திலிருந்து யார் எடுத்திருந்தாலும், தாலி கட்டுகிற இடத்தை மறித்துக்கொண்டு குருநாதன் நின்றார்.

"ஏத்தா, தாலி கட்டினது என் மகனா, உங்க மாமனா?" என்றாள் சம்பந்தியம்மாள்.

சிந்துஜாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. வாயைப் பொத்தினாள். மணிமாறன் சிரித்தான். இலக்கியா தரையில் விழுந்து சிரித்தாள். சம்பந்தியம்மாளுக்கே முந்தானையால் வாயை மூட வேண்டியதாயிற்று. குருநாதனும் சிரிக்கப் பார்த்தார். ஆனால் அந்த முதுகு எவ்வளவு வளைந்துவிட்டது என்பதை அவர் அன்றைக்குத்தான் பார்த்தார். தன் அப்பாவின் முதுகை யாரோ தன் சட்டைக்குள் வைத்துத் தைத்துவிட்டது போலிருந்தது.

தெய்வானை மட்டும் சிரிக்கவில்லை.

"இதுக்கு ஒரே வழிதான்" என்றாள் சம்பந்தியம்மாள். "ஒரு நல்ல நாள்ல அதே பட்டுச் சீலையக் கட்டி, மண்டபத்துல ஒரு மணி நேரம் வாங்கி, மஞ்சக் கயித்த வச்சுக் கட்டற மாதிரி எடுத்துருவோம். எங்க பக்கத்துல ஒரு வீட்ல அப்பிடித்தான் எடுத்தாக."

"அதெல்லாம் கூடாது" என்று தெய்வானை எழுந்தாள். "கட்டினது கட்டினதுதான். படத்துக்காக என் மக கழுத்துல இன்னொரு கயிறு ஏறக் கூடாது." அப்புறம் தம்பி பக்கம் திரும்பினாள். குரல் உயரவில்லை. "படம் போனா போகுதுடா. ஆனா அவ அப்பா இல்லாத சபையில, பொண்ணு கையப் புடிச்சுக் கடைசி வரைக்கும் நீ கூட்டிட்டு வருவேன்னு நெனச்சேன். பாதி வழில விட்டுட்டு ஓடுன பாரு, அதத்தான் என்னால மறக்க முடியல."

கார்டு அழிந்த நாளிலிருந்து குருநாதன் அந்தப் படத்துக்காகத்தான் துக்கப்பட்டுக்கொண்டிருந்தார். இது அவர் மனசில் ஏறவே இல்லை. மனைவியைப் பார்த்தார். திலகராணி முன்னமே சொன்னவள். இப்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, விடு" என்றாள் சிந்துஜா. "அத்தை கையப் புடிச்சுட்டுத்தான் வந்தேன். வழியில விழல."

ஆல்பத்தில் முகூர்த்தத்துக்கு ஒரு பக்கம்தான். சிந்துஜாவே தேர்ந்தெடுத்தாள். நீலச் சட்டைக்கு ஓரத்தில் அவள் முகம் பாதி தெரிகிற படம். உதட்டைக் கடித்துக்கொண்டு அம்மாவைப் பார்க்கிறாள். கொஞ்சம் மங்கல்தான்.

அதற்கப்புறம் கேமரா பீரோவுக்குள் போயிற்று. யார்மேலும் கோபமில்லை. ஞாயிற்றுக்கிழமை குருநாதன் ஒன்பது மணி வரை தூங்கினார். முதல் இரண்டு வாரம் திலகராணி சும்மா இருந்தாள். மூன்றாவது வாரம், "உடம்புக்கு ஏதும் பண்ணுதா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றும் பண்ணவில்லை. இத்தனை வருஷத்து அலுப்பு ஒன்றன்மேல் ஒன்றாக வந்து தூக்கம் கேட்டது, அவ்வளவுதான். ஆடி மாதத்தில் ஒருநாள் அவளே பீரோவைத் திறந்து, பூஞ்சை பிடித்துவிடும் என்று கேமராவை வெயிலில் வைத்தாள். அதற்கப்புறம் இரண்டு ஞாயிறு போனார். இரண்டு ஞாயிறு போகவில்லை.

ஐப்பசியில் அக்கா போன் செய்தாள். அந்தக் கறிவிருந்துக்கு அப்புறம் அவளாக அழைத்தது அதுதான் மூன்றாவது தடவை. சிந்துஜாவுக்கு வளைகாப்பு.

"காலையிலயே வந்துரு. கேமராவக் கொண்டு வராத."

"சரிக்கா."

"படத்துக்கு வெளியாளச் சொல்லியிருக்கேன். நீ வந்து உக்காரு. போதும்."

போனார். முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். எலுமிச்சை சாதம், புளியோதரை, தேங்காய் சாதம் என்று தாம்பாளங்கள். சிந்துஜா நாற்காலியில் வயிற்றைத் தாங்கி உட்கார்ந்திருந்தாள். படமெடுக்க வந்தவன் ஜன்னலுக்கு நேர் எதிரே நின்று, அவள் முகம் கறுக்கிற மாதிரி எடுத்துக்கொண்டிருந்தான். ரெண்டடி தள்ளி நில்லப்பா என்று குருநாதனுக்கு நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டார். கையை மடியில் வைத்தார், பிறகு நாற்காலியின் கைப்பிடியில் வைத்தார், பிறகு சட்டைப் பைக்குள் விட்டார். எங்கே வைத்தாலும் அது யாரோ கொடுத்து வைத்த சாமான் போலிருந்தது.

முறைப்படி அவர் வாங்கி வந்த வளையல் தட்டை நீட்டினார். சிந்துஜா, "நீங்களே ஒண்ணு போடுங்க மாமா" என்றாள். "ஆம்பள போடறதா?" என்று யாரோ ஒரு கிழவி முணுமுணுத்தாள். தெய்வானை, "மாமன்தானே, போடட்டும்" என்றாள். பச்சை வளையல் ஒன்றை எடுத்தார். மாத்திரை எண்ணிப் பழகிய விரல்கள் இறுக்காமல், உடைக்காமல் அதை மணிக்கட்டில் ஏற்றின. சிந்துஜாவின் கை குளிர்ச்சியாக, லேசாக வீங்கியிருந்தது. இவ்வளவு பக்கத்தில் அவள் முகத்தை அவர் பார்த்து எத்தனையோ வருஷமாயிற்று. கன்னத்தில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. அவளுக்குத் தூக்கம் போதவில்லை என்று தெரிந்தது.

"கால் வீக்கம் இருக்காம்மா?"

"இருக்கு மாமா."

"ராத்திரி தலையணைமேல காலத் தூக்கி வச்சுப் படு. டாக்டரம்மாகிட்ட மறக்காம சொல்லு."

பஸ்ஸில் திரும்புகையில் திலகராணிக்கு ஜன்னல் ஓர இடம் கிடைத்தது. நிறையச் சாப்பிட்ட களைப்பில் கொட்டாவி விட்டாள்.

"கை சும்மா இருந்துச்சே, எப்பிடி இருந்துச்சு?"

"வலிச்சுச்சு."

அவள் சிரிக்கவில்லை. அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, விரல் விரலாகச் சொடக்கு எடுத்துவிட்டாள். போடி மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. வெளிச்சம் எப்படியிருக்கிறது என்று பார்க்கத் தலையைத் திருப்ப வேண்டும். குருநாதனுக்கு அதற்கும் அலுப்பாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டார்.